எழுத்தை வரவழைக்கும் வழி

(வெள்ளி விழாக் கூட்டத்தில் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

இம்மலருக்குக் கட்டுரையோ கதையோ கவிதையோ எழுதித் தருமாறு நம் இளைஞர்களைக் கேட்டபோது பலரும் ஒரே விடையைக் கூறியதாகச் செயலாளர் என்னிடம் சொன்னார். "எழுத ஆசைதான், ஆனால் வரவில்லை" என்பதே அவ்விடை. சொன்னவர்கள் எழுத்தறியாதவர்கள் அல்லர். பட்டம் பெற்றவர்கள், அரசுத் தேர்வுகளில் பக்கம் பக்கமாக விடை எழுதித் தேறியவர்கள். 'வரவில்லை' என்னும் அச்சொல்லையே நான் சிறிது நேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். மழை வரவில்லை என்கிறோம். பேருந்து வரவில்லை என்றும் சொல்கிறோம். மழையை வரவழைக்க நம்மால் இயலாது. பேருந்து வராவிட்டால் மனு எழுதி, அலுவலகப் படியேறி, வரவழைத்துவிடுகிறோம். எழுத்து இவ்விரண்டில் எவ்வகையைச் சேர்ந்தது? பேருந்து வகையைச் சேர்ந்தது என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து.

எழுத்து இறையருளால் வருவது, பிறவியிலேயே வாய்ப்பது என்னும் எண்ணம் நம் நாட்டில் ஆழ வேரூன்றியது. அதனை நான் வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடமாட்டேன். அதனால் யாருக்குப் பயன் என்று கேட்பேன். கல்வி சிலர்க்கே உரியது என்று சொல்லி நம் முன்னோரைப் பள்ளிக்கூடத்து வாசலில் நிறுத்தினார்கள். அவ்வாசல் இன்று திறந்துவிட்டது. ஆனால் படைப்பு சிலர்க்கே உரியது என்னும் இரண்டாவது வாசல் ஒன்று உண்டு. அதற்குக் காவலர் எவரும் தேவையில்லை. நாமே நம்மைத் தடுத்துக்கொண்டு வெளியில் நிற்கிறோம்.

நம் வீட்டுச் சாவை எண்ணிப் பாருங்கள். எழுத்து ஒன்றையும் அறியாத நம் பாட்டிமார், பிணத்தருகே அமர்ந்த மாத்திரத்தில் ஒப்பாரி தொடுக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்குச் சிந்திக்க ஓய்வேது? இருந்தும் வரி பிறழ்வதில்லை. எதுகை பெரும்பாலும் தப்புவதில்லை. எப்படி? அவர்களிடம் ஒரு சட்டகம் இருக்கிறது. முதலில் இறந்தவரை உறவுமுறை சொல்லி விளிப்பது. அடுத்து, குடிசையில் வாழ்ந்தவரே ஆயினும் பொன்னாலும் முத்தாலும் அவரைப் போற்றுவது. அவர் செய்ததை ஒன்று சொல்வது. இனி அது இல்லை என்று முடிப்பது. இந்த இடங்களில் எந்தச் சொல்லை வைப்பது என்பது மட்டுமே அப்போது தீர்க்க வேண்டிய சிக்கல். சட்டகம் பழையது, பொதுவானது. உள்ளே வைக்கும் செய்தி புதியது, அவருக்கே உரியது. ஒரே சட்டகத்தில் தொடுத்தும் ஒருத்தி பாடியதுபோல் இன்னொருத்தி பாடுவதில்லை. முறை என்பது கற்பனையைக் கட்டிப்போடும் கயிறு என்று நினைப்பவர்கள் ஓர் இரவு சாவு வீட்டில் அமர்ந்து கேட்கட்டும்.

புலவர் உலகிலும் இதே கதைதான். காளமேகப் புலவரைப் பற்றி, திருவானைக்காவில் அம்மை தாம்பூல எச்சிலை வாயில் உமிழ, மடைப்பள்ளி ஊழியர் ஒரே இரவில் பெருங்கவி ஆனார் என்று ஒரு கதை வழங்குகிறது. ஆனால் அவர் பெயரால் வழங்கும் தனிப்பாடல்களைப் பாருங்கள். அவற்றுள் பல, பிறர் கொடுத்த கணக்கைத் தீர்த்த விடைகள். 'செருப்பு' என்று தொடங்கி 'விளக்குமாறு' என்று முடியுமாறு முருகன் மேல் ஒரு பாடல் வேண்டும் என்றார்களாம். அவர் என்ன செய்தார்? சொல்லைப் பிரித்தார். 'செரு' என்றால் போர். போருக்குப் புகுவது என்று தொடக்கத்திற்குப் பொருள் வந்துவிட்டது. 'விளக்கும் ஆறு' என்று பிரிக்க, முடிவும் வந்துவிட்டது. தாம்பூலக் கதையைக் கேட்டவர்கள் கைகூப்புவார்கள். சொல்லைப் பிரித்த வழியை அறிந்தவர்களோ தாமும் செய்து பார்ப்பார்கள்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. செருப்பும் விளக்குமாறும் பாட்டில் வரத் தகாத பொருள்கள் என்று கருதியதால்தான் அவை புதிராகக் கொடுக்கப்பட்டன. புலவரும் அப்பொருள்களை மறைத்தே வென்றார். நம்மில் செருப்புத் தைத்தவர்கள் உண்டு. விளக்குமாறு பிடித்துத் தெருக் கூட்டியவர்கள் உண்டு. நாம் எழுதும்போது அச்சொற்களைப் பிரிக்க வேண்டியதில்லை. செருப்பைச் செருப்பாகவே பாட்டிற்குள் கொண்டுவருவது எப்படி என்பது நமக்கு உரிய புதிர். அது காளமேகத்துக்குக் கொடுக்கப்பட்டதைவிடக் கடினமானது.

சிக்கல் தீர்க்கும் முறை என்றால் என்ன என்பதைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவனுக்கு ஒரு வரிசை சொல்கிறார்: நோய் இன்னது என்று தெளிதல், அதன் காரணத்தைத் தேடுதல், தணிக்கும் வழியைத் தேடுதல், பின்பு பொருந்தச் செய்தல். ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா, கணக்கைத் தீர்ப்பது எப்படி என்று 1945-இல் ஒரு நூல் எழுதினார். அவரும் நான்கு படிகளையே கூறினார்: கணக்கைப் புரிந்துகொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார். இரண்டிலும் முதற்படி ஒன்றே. நம் இளைஞர் பலர் இந்த முதற்படியைத் தாண்டிக் குதித்து, வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு முதல் வரிக்காகக் காத்திருக்கிறார்கள். தனக்கு என்ன கணக்கு என்று தெரியாதவனுக்கு விடை எங்கிருந்து வரும்?

இம்முறையை எழுத்தில் கையாண்டு, அதன் வழியே கற்பனையின் உச்சத்தையும் தொட்ட ஒருவரை நாம் வெளியில் தேட வேண்டியதில்லை. அண்ணல் அம்பேத்கர் 1948-இல் வெளியிட்ட, தீண்டப்படாதார் யார், அவர்கள் எவ்வாறு தீண்டப்படாதார் ஆயினர் என்று ஆராயும் நூலை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அவர் நந்தனார், ரவிதாசர், சோகாமேளர் என்னும் மூவர் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். நம் சோழநாட்டு நந்தனார் அவ்வரிசையில் முதற்பெயர் என்பது நாம் மகிழத்தக்கது.

அந்நூலில் அவர் புலம்பலோடு தொடங்கவில்லை; வினாக்களோடு தொடங்கினார். நாம் நாள்தோறும் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன ஒன்றை எடுத்தார்: நம் மக்கள் ஏன் ஊருக்கு வெளியே வாழ்கிறார்கள்? முன்பு உள்ளே இருந்து பின்பு வெளியேற்றப்பட்டார்களா, அல்லது தொடக்கமுதலே வெளியில்தான் இருந்தார்களா? கேள்வியை இப்படி இரண்டாகப் பிளந்தவுடன் சிந்தனைக்கு நடக்க வழி கிடைத்துவிட்டது பாருங்கள். பின்பு, பிறர் கூறிய விடைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார். வேற்றினத்தார் என்பதால் தீண்டாமை வந்தது என்றார்கள். மூக்களவு முதலிய உடலளவுக் கணக்குகளைக் கொண்டே அதை மறுத்தார். தொழிலால் வந்தது என்றார்கள், அதையும் மறுத்தார். அதன்பின் தமது கருதுகோளை வைத்தார்: பழங்காலப் போர்களில் தோற்றுச் சிதறிய குலத்தார், நிலைத்துக் குடியேறிய ஊர்களின் எல்லையில் காவலுக்கு அமர்த்தப்பட்டனர் என்பது அது. இத்தகைய புறக்குடி வேறெங்கும் உண்டா என்று தேடி, அயர்லாந்து, வேல்சு ஆகிய நாடுகளின் பழைய சட்டங்களிலிருந்து ஒப்புமை காட்டினார்.

அவர் முடிபை வரலாற்றறிஞர் ஏற்கலாம், மறுக்கலாம். அது வேறு செய்தி. எழுத விரும்பும் நீங்கள் கவனிக்க வேண்டியது அவர் முன்னுரையில் உள்ளது. நம் மக்களின் பழைய வரலாற்றுக்கு நேரான சான்றுகள் கிடையா. சான்றுச் சங்கிலியில் இடையிடையே வளையங்கள் இல்லை. அதற்காக வரலாற்றை எழுதாமலே விட்டுவிடுவதா? அறுந்த இடத்தை இணைக்கக் கற்பனையையும் உள்ளுணர்வையும் பயன்படுத்துவது முறையே என்று அவர் வாதிடுகிறார். உடைந்த கற்களிலிருந்து ஒரு நகரத்தையே வகுத்துக் காட்டும் அகழ்வாய்வாளனோடும், சிதறிய எலும்பும் பல்லும் கொண்டு அழிந்துபோன விலங்கை உருவாக்கிக் காட்டும் அறிஞனோடும் தம்மை ஒப்பிடுகிறார். வரலாறு என்பதைவிட இது கலைப்படைப்பு என்றே தம் நூலைச் சொல்லிக்கொள்கிறார். சட்டமும் பொருளாதாரமும் கற்ற அறிஞர் சொல்லும் சொல் இது! எங்கே கற்பனை வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதை அவருக்குக் காட்டிக் கொடுத்தது அவர் வகுத்துக்கொண்ட முறையே. எலும்புகளை ஒழுங்காக அடுக்கியவனுக்கே எந்த எலும்பு இல்லை என்பது தெரியும்.

இனி உங்கள் தாளுக்கு வருவோம். ஓர் இளைஞர் தம் அப்பாயியைப் பற்றிக் கதை எழுத விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அறுபது ஆண்டு பிறர் காட்டில் கடலை பறித்தவர். பட்ட துன்பத்தை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த மௌனந்தான் இளைஞரை எழுதத் தூண்டுகிறது. ஆனால் எழுத உட்கார்ந்தவுடன், அப்பாயி நீண்ட சொற்பொழிவு ஒன்றை ஆற்றத் தொடங்கிவிடுகிறார்! திரைப்படத்தில் வருவது போன்ற வசனம். எழுதியவருக்கே அது பொய்யென்று தோன்றுகிறது, தாளைக் கிழித்துப் போடுகிறார், 'வரவில்லை' என்கிறார்.

சோவியத் நாட்டில் கென்ரிக் அல்ட்சூலர் என்றொருவர் இருந்தார். 1926-இல் பிறந்தவர். புதிய கண்டுபிடிப்புகள் தொடர்பான அலுவலகத்தில் இளமையில் பணியாற்றியபோது, கண்டுபிடிப்பும் கற்றுக்கொள்ளத்தக்கதே என்று எண்ணி, ஆயிரக்கணக்கான காப்புரிமைப் பத்திரங்களைப் படித்தார். நாட்டில் கண்டுபிடிப்புப் பணி நடக்கும் நிலையைக் குறைகூறி ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதியதன் பயனாகச் சிறைப்பட்டு, வோர்க்குத்தா என்னும் பனிநிலத்து முகாமில் வாடினார். ஸ்டாலின் மறைந்தபின் விடுதலையானார். அவர் கண்ட உண்மை இது: கடினமான சிக்கல் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு முரண் இருக்கிறது. ஒரு பொருள் கனமாகவும் இருக்க வேண்டும், இலேசாகவும் இருக்க வேண்டும் என்பது போன்ற முரண். சராசரி மனிதன் இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம் செய்துகொள்கிறான். கண்டுபிடிப்பாளனோ முரணை முழுமையாக எழுதி வைத்துக்கொண்டு, காலத்தால் பிரிக்கலாமா, இடத்தால் பிரிக்கலாமா, முழுமையை ஒருவகையாகவும் உறுப்பை வேறுவகையாகவும் ஆக்கலாமா என்று பார்க்கிறான். 40 உத்திகளை அவர் தொகுத்தார். பொறியியலுக்காகத் தோன்றியது இம்முறை. ஆனால் அல்ட்சூலர் கதையாசிரியரும் ஆவார். ஆல்ட்டோவ் என்னும் புனைபெயரில் அறிவியல் கதைகள் எழுதினார். ஆகவே அவர் கருவியைக் கதைக்கு எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

அப்பாயியின் முரணைத் தாளில் எழுதுவோம். அப்பாயி பேச வேண்டும். அப்பாயி பேசவே கூடாது. காலத்தால் பிரித்துப் பாருங்கள். பகலெல்லாம் பேசாதவர் காய்ச்சல் இரவில் பிதற்றலாம். தம் துயருக்கு அழாதவர், பிறர் வீட்டுச் சாவில் ஒப்பாரி சொல்லும்போது தம் கதையை அவர்கள் கதையோடு கலந்து பாடிவிடலாம். இடத்தால் பிரித்துப் பாருங்கள். காட்டுக்காரர் முன்னும் பிள்ளைகள் முன்னும் வாய் திறவாதவர், ஆட்டுக்குட்டியோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கலாம். உறுப்பால் பிரித்துப் பாருங்கள். வாய் பேசாது; கை பேசும். வராத கூலியை நாள்தோறும் அடுப்படிச் சுவரில் கரிக்கோடாக இழுத்து வைத்திருக்கலாம். அவர் மறைந்த பின், பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்த பேரன், அடுக்குப் பானைகளை நகர்த்தியபோது அக்கோடுகளைக் காண்கிறான். முதலில் கிறுக்கல் என்று எண்ணுகிறான். பிறகு, ஐந்தைந்தாக இருப்பதைக் கண்டு எண்ணத் தொடங்குகிறான். கையில் சுண்ணாம்புத் தூரிகை இருக்கிறது. அடிப்பதா, விடுவதா? இங்கே ஒரு கதை பிறந்துவிட்டதா இல்லையா? இதில் அருள் எங்கே வந்தது? முரணை நேர்மையாக எழுதினோம். மூன்று கேள்வி கேட்டோம்.

அடுத்த கருவி நம் தொல்காப்பியத்திலேயே உள்ளது. அந்நூல் எழுதப்பட்ட காலத்தும், அதற்குப் பின்னர் நெடுங்காலமும், அதைக் கற்கும் வாய்ப்பு நம்மில் எத்தனை பேருக்கு இருந்தது என்பது வேறு கேள்வி. கருவி யாருடைய பட்டறையில் செய்யப்பட்டாலும் பிடிப்பவன் கைக்கே உழைக்கும். செய்யுளியலில் 34 உறுப்புகள் கூறப்படுகின்றன. அவற்றுள் மாத்திரை, அசை, சீர், அடி முதலியவற்றைப் பள்ளியில் கற்றிருப்பீர்கள். கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம் என்பனவும் அப்பட்டியலில் உள்ளன. இவற்றைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். யார் சொல்வது, யாரிடம் சொல்வது, எங்கே, எப்போது, எதற்காக, எந்த உணர்ச்சியோடு, எதைச் சொல்லாமல் விடுவது என்று இவற்றை வினாவாக மாற்றிக்கொள்ளுங்கள். ஏழு வினாக்கள் கிடைத்துவிட்டன.

இவற்றுள் 'கேட்போர்' என்பதன் ஆற்றலை நாம் உணர்வதே இல்லை. 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் கரையைக் கடந்து, நம் கறம்பக்குடி, ஆலங்குடிப் பகுதிகளின் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனதை நீங்கள் நேரில் கண்டவர்கள். அதைப் பற்றி எழுதுங்கள் என்றால், காற்றின் சீற்றம், மரங்களின் வீழ்ச்சி, இயற்கையின் கொடுமை என்று எல்லாரும் ஒரே கட்டுரையை எழுதிவிடுகிறார்கள். கேட்போரை மாற்றுங்கள். மரமேறும் தொழிலாளி ஒருவர் கிராம நிர்வாக அலுவலருக்கு எழுதும் விண்ணப்பமாக எழுதுங்கள். விழுந்த மரத்திற்கு உடைமையாளர் கணக்குக் கொடுப்பார். அந்த மரத்தில் ஏறிப் பிழைத்தவர் தம் இழப்பை எந்தப் பத்தியில் நிரப்புவார்? திருப்பூரில் வேலை செய்யும் தம்பிக்கு அவரே எழுதும் கடிதமாக எழுதுங்கள்; அலுவலரிடம் சொன்னதை இங்கே சொல்லமாட்டார், மறைத்ததைச் சொல்வார். இனி ஏற முடியாத அந்த மரத்திடமே பேசுவதாக எழுதுங்கள். செய்தி ஒன்று, கேட்போர் மூவர், எழுத்து மூன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மூன்றிலும் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கும். அதுதான் தொல்காப்பியர் சொல்லும் எச்சம். சிலசமயம் அதுவே நாலாவது, நல்ல கதை.

விலக்கி எழுதுதல் என்றொரு முறையும் உண்டு. இதழ் ஒட்டியும் குவிந்தும் பிறக்கும் எழுத்துகளை முற்றும் விலக்கிப் பாடுவதை நிரோட்டகம் என்பர். 17-ஆம் நூற்றாண்டில் சிவப்பிரகாச சுவாமிகள் திருச்செந்தூர் முருகன் மேல் அவ்வாறு ஓர் அந்தாதியே பாடினார். இது வெறும் சொல் விளையாட்டு என்று நீங்கள் நினைக்கலாம். நானும் பல நிரோட்டகங்களைப் பற்றி அவ்வாறே நினைக்கிறேன். ஆனால் பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெரெக் 1969-இல், அம்மொழியில் மிகுதியாக வழங்கும் ஓர் உயிரெழுத்தை ஓரிடத்தும் பயன்படுத்தாமல் முழுநாவல் ஒன்று எழுதினார். அவர் யூதர். தந்தை 1940-இல் போரில் மாண்டார். தாயை 1943-இல் நாஜிகள் ஆசுவிட்சு கொலைமுகாமுக்குக் கொண்டு சென்றனர். தந்தை, தாய் என்னும் பிரெஞ்சுச் சொற்களை அந்த எழுத்தின்றி எழுத முடியாது. விளையாட்டு விதி போலத் தோன்றியது, இல்லாதவர்களின் இடமாக ஆகிவிட்டது. நாம் எழுத்தை விலக்க வேண்டாம், சொல்லை விலக்குவோம். 'பசி' என்னும் சொல்லின்றிப் பசியைப் பற்றி ஒரு பக்கம். 'சாதி' என்னும் சொல்லின்றித் தேநீர்க்கடை ஒன்றைப் பற்றி ஒரு பக்கம். 'இழிவு', 'கொடுமை', 'கண்ணீர்' ஆகிய மூன்றையும் ஓராண்டுக்கு யாரும் எடுக்கக்கூடாது என்று பூட்டிவைத்தால், நம் கவிதைகள் பாதி திருந்திவிடும் என்பது என் தனிக்கருத்து. பெரியோர் பொறுத்தருள்க.

பலர் கூடி அமர்ந்து கருத்துகளைத் தடையின்றி அள்ளிக் கொட்டும் முறையை அமெரிக்க விளம்பரத் துறையினர் அலெக்ஸ் ஆஸ்பர்ன் பரப்பினார். எண்ணம் தோன்றும்போதே அதைத் தீர்ப்புக்கு உட்படுத்தாதே என்று அவர் சொன்னது நல்ல அறிவுரை. முதல் வரியை 20 விதமாக எழுதிவிட்டுப் பிறகு தேர்ந்தெடுங்கள். ஆனால் கூட்டமாக அமர்வதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. தனித்தனியே எண்ணியவர்களின் கருத்துகளைத் தொகுத்தபோது அவை கூடி எண்ணியவர்களுடையவற்றைவிட மிகுதியாக இருந்ததாக, யேல் பல்கலைக்கழகத்தார் 1958-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நம் கூட்டங்களில் யார் பேசுகிறார்கள், பின்வரிசைப் பெண்பிள்ளைகள் எத்தனை முறை வாய் திறக்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு யேல் வரை போக வேண்டியதில்லை. முதலில் தனியே எழுதுங்கள். பின்பு கூடிப் படியுங்கள்.

நம் மாவட்டத்திலேயே நடந்த ஒன்றையும் நினைவூட்ட வேண்டும். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களுக்கும் தொண்டர்களுக்கும் முன்னிருந்த சிக்கல் பெண்களுக்கு எழுத்தறிவிப்பது. மேலோட்டமாகப் பார்த்தால் அது பாடப்புத்தகச் சிக்கல். நோயின் முதலைத் தேடியபோதோ, அது நடமாட்டச் சிக்கலாகவும் இருந்தது. கற்பிக்கும் பெண்ணாலும் கற்கும் பெண்ணாலும் ஆணின் துணையின்றி ஊர்விட்டு ஊர் போக முடியவில்லை. ஆகவே சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பது எழுத்தறிவின் பகுதி ஆயிற்று. 1992-ஆம் ஆண்டு மகளிர் நாளன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை வீதிகளில் சைக்கிளில் அணிவகுத்ததைப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். அப்போது பிறந்ததுதான் தொண்டர் முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு. அந்தப் பாட்டு நிலவைப் பார்த்து வந்ததன்று. தயங்கும் ஒரு பெண்ணை இருக்கையில் ஏற்றி அமர்த்த வேண்டும் என்னும் தெளிவான வேலை அதற்கு இருந்தது. கூற்று, கேட்போர், களன், பயன் எல்லாம் உறுதியாகிவிட்டதால், சொல் தானே வந்து நின்றது.

இப்படிச் சூத்திரம் வைத்து எழுதினால் எழுத்தில் உயிர் இருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. முறை வலியைத் தராது, பார்வையைத் தராது, பொய் சொல்ல நினைப்பவனை உண்மை பேச வைக்காது. தவறான கணக்கை எடுத்துக்கொண்டவன் மிக ஒழுங்காகத் தவறான விடைக்குப் போய்ச் சேருவான். ஆகையால் முதலில் கேட்க வேண்டியது, இது யாருடைய சிக்கல் என்பதே. 2022 டிசம்பரில், நம் மாவட்டத்து வேங்கைவயலில், நம் மக்கள் குடிநீர் பெறும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. செய்தியாளர்க்கு அது செய்திச் சிக்கல். காவல்துறைக்குத் துப்புச் சிக்கல். அந்தக் குழாயடியில் மறுநாள் காலையில் குடத்தோடு நின்ற தாய்க்கு என்ன சிக்கல்? பிள்ளைக்கு முதல் வாய்த் தண்ணீர் கொடுக்கும்போது கை நடுங்கியிருக்குமே, அதை எழுத வேண்டிய கணக்கு எவருடைய தாளிலும் தானாக விழாது. அதை எடுத்துக்கொள்பவர் நம்மில் ஒருவராக இருக்க வேண்டும். பாமாவின் 'கருக்கு' 1992-இலும், இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-இலும் வந்தபின், நம் வாழ்வு இலக்கியத்துக்கு ஆகாது என்று சொல்லும் துணிவு எவர்க்கும் இல்லை. ஆனால் அந்நூல்களைப் படித்துவிட்டு அவற்றைப் போலவே எழுதுவது, பக்கத்து இருக்கைக்காரனின் விடையைப் பார்த்து எழுதுவதற்கு ஒப்பாகும். அவர்கள் தீர்த்தது அவர்கள் கணக்கு.

எழுதி முடித்தபின் போல்யா சொன்ன நாலாம் படி, திரும்பிப் பார்த்தல். இதற்குப் பவணந்தியாரின் நன்னூல் போதும். நூலுக்கு ஆகாத குற்றம் பத்து என்று அவர் பாயிரத்தில் வகுத்திருக்கிறார். பத்தையும் இப்போது விளக்க நேரமில்லை. நம் இளைஞர் எழுத்தில் மிகுதியும் காண்பவை மூன்று: கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல். மூன்றாவதுதான் கொடியது. தொடக்கத்தில் முழக்கம், நடுவில் தளர்ச்சி, முடிவில் 'விழித்தெழு' என்று ஓர் அறைகூவல். கதை எங்கே முடிந்ததோ அங்கே நிறுத்துங்கள். சுண்ணாம்புத் தூரிகையோடு நிற்கும் பேரன் அடித்தானா விட்டானா என்பதற்கு மேல் அக்கதையில் ஒரு சொல்லும் வேண்டாம்.

மலரின் கடைசிப் படிவம் அச்சுக்குப் போக இன்னும் இரண்டு கிழமை இருப்பதாகச் செயலாளர் சொல்கிறார். எட்டுப் பக்கங்கள் இளைஞர்களுக்காக ஒதுக்கப்பட்டிருக்கின்றன. வாசலில் தாள்கள் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொருவரும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தலைப்பில் கதையின் பெயரை எழுத வேண்டாம். 'இப்படி இருக்க வேண்டும். ஆனால் இப்படி இருக்கக் கூடாது' என்று, உங்கள் வீட்டைப் பற்றியோ தெருவைப் பற்றியோ ஒரு முரணை மட்டும் எழுதி இன்று மாலைக்குள் என்னிடம் கொடுங்கள். பெயர் போட வேண்டியதில்லை. பின்வரிசையில் இருக்கும் பெண்பிள்ளைகள் முதலில் எடுத்துக்கொள்ளட்டும்.